லோனாவாலாவில் ஒரு வார இறுதி: பலூன் விருப்பம் உள்ளவர்களுக்கு மட்டும்

மும்பை மாட்டுங்காவில் டிசம்பர் பிறந்தால் கச்சேரி, பஜனை, சீமந்தம், கிரகப்பிரவேசம் என்று ஒரு சனி ஞாயிறுகூட மிஞ்சாது. தப்பித் தவறி ஒன்று மிஞ்சினால், "எங்கேயாவது போய்விட்டு வரலாமே" என்று கட்டிடத்தில் பேச்சு கிளம்பும். வேனை ஏற்பாடு செய்து, வழிகாட்டி ஒருவரை அமர்த்தி, பத்துப் பதினைந்து பேராக லோனாவாலா, கார்லா, பாஜா என்று சுற்றி வருவது இங்கே வெகுகாலப் பழக்கம். இப்போது அந்தப் பட்டியலில் வெப்பக்காற்று பலூனும் சேர்ந்துகொண்டிருக்கிறது. லோனாவாலாவைத் தாண்டி, காம்ஷெட் பக்கத்துத் திறந்த வெளிகளில் ஸ்கை வால்ட்ஸ் போன்ற நிறுவனங்கள் இதை நடத்தி வந்திருக்கின்றன. பேரன் ஏற வேண்டும் என்பான், தாத்தா வேண்டாம் என்பார். இருவரும் ஒரே வேனில் போய்ச் சண்டையில்லாமல் திரும்ப உதவும் குறிப்புகள் இவை.

1. பலூனே இல்லை என்று வைத்துக்கொண்டு முதலில் முழுப் பயணத்தையும் திட்டமிடுங்கள். குகை, கோட்டை, சாப்பாடு, ஓய்வு என்று அது தன்னளவில் நிறைவாக இருக்க வேண்டும். பலூனை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம். பலூன் பறக்குமா பறக்காதா என்பதை நீங்களோ நிறுவனமோ முடிவு செய்வதில்லை, அன்று காலைக் காற்றுதான் முடிவு செய்யும். தரைக்காற்று மணிக்குப் பதினைந்து கிலோமீட்டரை ஒட்டினாலே பைலட் பெரும்பாலும் வேண்டாம் என்றுவிடுவார். மூடுபனி இருந்தாலும் அதே பதில்தான். பலூனை மட்டுமே நம்பிக் கிளம்பிய கூட்டம் அங்கே மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும்.

2. எந்த மாதம்? மழை ஓய்ந்த அக்டோபரிலிருந்து கோடை வரை பலூன் காலம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை உத்தமம். மழைக்காலத்தில் பலூன் கிடையாது. லோனாவாலாவில் மும்பையைப்போல ஏறக்குறைய இரண்டு பங்கு மழை கொட்டும். அருவி பார்க்கத்தான் ஆசை என்றால் அதைத் தனிப் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் குழந்தைகளை ஓடும் தண்ணீரில் இறங்க விடாதீர்கள். 2024 ஜூன் 30 அன்று புஷி அணைக்கட்டுப் பக்கத்து அருவியில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து பேரை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. கணுக்கால் அளவு தண்ணீர் சில நிமிடங்களில் ஆளை இழுக்கும் அளவுக்கு ஏறிவிடும்.

3. பலூன் உண்டென்றால் இரவு தங்கித்தான் ஆக வேண்டும். சூரியன் உதிக்கும் முன்பே இடத்தில் இருக்கச் சொல்வார்கள். அந்த நேரத்துக்குத் தோதாகக் கொண்டு சேர்க்கிற ரயிலை மும்பையிலிருந்து நம்ப முடியாது. வெயில் ஏறினால் தரை சூடாகி, அங்கங்கே சூட்டுக்காற்று மேலே கிளம்பி பலூனைத் தூக்கிப் போடும். அதற்குள் இறங்கிவிட வேண்டும் என்பதால்தான் இந்த அவசரம். கார்லாவில் மகாராஷ்டிரச் சுற்றுலாக் கழகத்தின் விடுதி இருக்கிறது. குகைக்கும் பலூன் இடத்துக்கும் அது வசதி. லோனாவாலா பஜாருக்குள் அறை எடுத்தால் சனிக்கிழமை நெரிசலில் பாதிப் பொழுது போய்விடும்.

4. பலூனை முதல் நாள் காலைக்குப் பதிவு செய்யுங்கள், கடைசி நாளுக்கு வேண்டாம். எல்லோரும் தலைகீழாகச் செய்வது இதைத்தான். வெள்ளி மாலை கிளம்பிச் சனி காலை பலூன் என்று வைத்தால், காற்று கெடுத்தாலும் ஞாயிறு காலை கையில் இருக்கும். மாற்று நாள் தர முடியுமா என்று பணம் கட்டும்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

5. சாலையா, ரயிலா? வெள்ளி மாலையும் சனி காலையும் மும்பை-புனே எக்ஸ்பிரஸ்வேயின் கண்டாலா மலைப்பாதையில் வண்டிகள் நின்றுகொண்டுதான் இருக்கும். வயதானவர்கள் இருந்தால் ரயில்தான் நல்லது. சி.எஸ்.எம்.டி.யில் மாலை ஐந்து மணியைத் தாண்டியதும் டெக்கான் குவீன் கிளம்பும், ஆபீஸ் முடித்து ஓடி வருகிறவர்களுக்கும் தோது. சனி காலையில் போனால் போதும் என்கிறவர்கள் தாதரில் இந்திராயணி எக்ஸ்பிரஸைப் பிடிக்கலாம். அவர்களுக்குப் பலூன் ஞாயிறுதான், காற்று கெடுத்தால் வேறு நாள் இல்லை. முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். 120 நாள் என்ற பழைய கணக்கு 2024 நவம்பரோடு போயிற்று. மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகையை 2020 மார்ச்சிலேயே நிறுத்திவிட்டார்கள், அதை நம்பி பட்ஜெட் போடாதீர்கள். லோனாவாலா போய்ச் சேர்ந்தபின் உள்ளூர் டெம்போ டிராவலர் ஒன்றை இரண்டு நாளுக்குப் பேசிக்கொண்டால் செலவு குறையும்.

6. கர்ஜத்தில் ரயில் நிற்கும்போது குழந்தைகளைப் பின்பக்கம் எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், பிளாட்பாரத்தில் பெரியவர் ஒருவர் துணைக்கு நிற்கட்டும். அங்கிருந்து லோனாவாலாவுக்கு ஏறும் போர்காட் மலைப்பாதையின் ஏற்றம் 37 அடிக்கு ஓர் அடி. ரயிலுக்கு அது செங்குத்து மாதிரிதான். அதனால் பின்னாலிருந்து தள்ளுவதற்குக் கூடுதல் எஞ்சின்களைக் கோப்பார்கள். அந்தச் சில நிமிடத்தில் வடா பாவ் வாங்கிவிடலாம். இந்த மலைப்பாதையை முடித்ததில் ஒரு பெண்ணுக்குப் பங்குண்டு என்பதைப் பேத்திகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். ஒப்பந்தக்காரர் சாலமன் டிரெட்வெல் 1859-இல் இந்தியா வந்த சில வாரங்களிலேயே இறந்துபோனார். ஊர் திரும்பாமல் அவர் மனைவி ஆலிஸ் ஒப்பந்தத்தைத் தன் பெயரில் ஏற்றார். பொறியாளர்களை அமர்த்தி வேலை வாங்கினார், 1863-இல் பாதை திறந்தது. அந்த வேலையில் காலராவுக்கும் விபத்துக்கும் பலியான தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். அவர்கள் பெயர் எங்கும் இல்லை.

7. பணத்துக்கு இரண்டு தனிக் கணக்கு வையுங்கள். ரயில், வேன், அறை, சாப்பாடு, வழிகாட்டி எல்லாம் பொதுக் கணக்கு. பலூன் ஏறுகிறவர் கணக்கு தனி. லோனாவாலாப் பக்கம் பலூன் கட்டணம் தலைக்குப் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும். அதைப் பொதுப் பணத்திலிருந்து முன்பணமாகக் கொடுத்துவிட்டுப் பிறகு வசூல் செய்யலாம் என்று பொருளாளர் நினைத்தால், ஊர் திரும்பியபின் கட்டிடத்தில் இரண்டு பேருக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. ஏறுகிறவர் பெயர், வயது, எடை, கட்டிய தொகை என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எடையை மறைக்க வேண்டாம். கூடையில் யார் எங்கே நிற்பது, எத்தனை பேரை ஏற்றுவது என்பதெல்லாம் எடையை வைத்துத்தான்.

8. நிறுவனத்திடம் கேட்க வேண்டியவை: அந்த வாரம் உண்மையிலேயே பலூன் பறக்கிறதா? பைலட்டுக்கு விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் உரிமம் இருக்கிறதா? பயணிகளுக்குக் காப்பீடு உண்டா? வானிலை கெட்டால் பணம் திரும்புமா, வேறு தேதியா? நாமே ரத்து செய்தால் என்ன பிடித்தம்? கடைசிக் கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நம் மெடிக்கிளெய்ம் பாலிசிகளில் பலவும் சாகச விளையாட்டுக் காயத்துக்குப் பணம் தராது, அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

9. "பலூன் ரைட்" என்று விளம்பரம் இருந்தால் கயிறு கட்டியதா, கட்டாததா என்று கேளுங்கள். கட்டியது என்றால் மரத்தின் உயரத்துக்குச் சற்று மேலே போய், சில நிமிடங்களில் இறக்கிவிடுவார்கள். பொருட்காட்சிகளில் நடப்பது பெரும்பாலும் இதுவே. கட்டாதது என்றால் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் காற்று போகும் பக்கம் போகும். போக, வர, காற்று நிரப்ப என்று மொத்தம் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். விலையும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

10. யார் ஏறக்கூடாது? கர்ப்பிணிகள், அண்மையில் அறுவை சிகிச்சை ஆனவர்கள், இதய நோயாளிகள், முதுகு அல்லது முழங்காலில் கோளாறு உள்ளவர்கள், கூடை விளிம்புக்கு மேல் தலை தெரியாத சிறு குழந்தைகள். இறங்கும்போது கூடை தரையில் இடித்து இழுபடலாம், சில சமயம் சாய்ந்தும் விடும். முழங்கால் மாற்று சிகிச்சை செய்துகொண்டவர் "எனக்கு இப்போது ஒன்றுமில்லை" என்று அடம் பிடித்தால் அவருடைய டாக்டரிடம் தள்ளிவிடுங்கள். மொட்டை மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாலே தலை சுற்றும் என்பவர்கள் மட்டும் உடனே விலகிக்கொள்ள வேண்டாம். கீழே தரையோடு எந்தப் பிடிப்பும் இல்லாததால் பலருக்கு அங்கே அந்தச் சுற்றல் வருவதே இல்லை.

11. உடை பருத்தியில் இருக்கட்டும், கால் முழுதும் மூடும் ஷூ வேண்டும். தலைக்குமேல் பர்னர் பற்றும்போது கல்யாணச் சமையல்காரரின் கோட்டையடுப்புக்கு முன்னால் நிற்பது போலிருக்கும். தொப்பி ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். நைலான் துப்பட்டா, பறக்கும் முந்தானை, கனகாம்பரச் சரம் எல்லாம் அறையிலேயே இருக்கட்டும். கூடைக்குக் கதவு கிடையாது, பக்கவாட்டில் உள்ள ஓட்டையில் காலை வைத்து ஏறிக் குதிக்க வேண்டும். ஆறு கஜத்தில் அது முடியாது. மடிசாரில் முடியும் என்று ஒரு மாமி வாதாடினால் நான் அவர் கட்சி. ஆனாலும் சல்வாரே சுலபம்.

12. ஜனவரி விடியற்காலையில் மாட்டுங்காவாசிகளுக்கு அங்கே பல் கிட்டிப்போகும். ஆண்டு முழுதும் பெட்டிக்குள் கிடந்த ஸ்வெட்டரை இரண்டு நாள் முன்னதாகவே வெயிலில் போடுங்கள், அந்துருண்டை வாடை போகும். வேனுக்குள் பத்து ஸ்வெட்டரின் வாடை சேர்ந்தால் குழந்தைகளுக்கு வாந்தி வந்துவிடும்.

13. கட்டுச்சாதம். வெள்ளி இரவுக்கு மிளகாய்ப்பொடி நல்லெண்ணெய் தடவிய இட்லி, மறுநாள் பகலுக்குப் புளியோதரை. இரண்டையும் வாழையிலையில் கட்டினால் வாசனை நிற்கும். இலை மாட்டுங்கா காய்கறிக் கடைத்தெருவில் கிடைக்கும், தணலில் லேசாக வாட்டிவிட்டால் மடிக்கும்போது கிழியாது. தேங்காய் சேர்ந்த எதுவும் வேண்டாம், ஊசிப்போகும். தயிர்சாதத்துக்குச் சாதத்தைக் குழைத்து, ஆறிய பாலை நிறைய விட்டு, ஒரே ஒரு கரண்டி தயிர் சேர்த்தால் போதும், சாப்பிடும் நேரத்தில் அளவாகத் தோய்ந்திருக்கும். அதையும் சனிக்கிழமைவரை வைத்திருக்க வேண்டாம், கிளம்பிய அன்றே தீர்த்துவிடுங்கள். பிளாஸ்டிக் பைக்கு மகாராஷ்டிரத்தில் 2018 முதல் தடை. எவர்சில்வர் டப்பாவும் துணிப்பையும் போதும். கார்லாப் படிகளில் குரங்குகள் உண்டு. கையில் பொட்டலம் தெரிந்தால் உங்களுக்கும் வழிகாட்டிக்கும் கஷ்டம்.

14. பலூன் நாள் காலையில் காபி அரை டம்ளர் போதும். மேலே கழிவறை கிடையாது. டிகாக்‌ஷனை ஃப்ளாஸ்க்கில் எடுத்துப் போய், இறங்கியபின் நிதானமாகக் குடியுங்கள்.

15. கார்லா பௌத்தக் குகைகளுக்கு வழிகாட்டி அவசியம். கூலியையும் எவ்வளவு நேரம் என்பதையும் படி ஏறும் முன்பே பேசிவிடுங்கள். பதினைந்து பேருக்கு மேல் இருந்தால் இரண்டாகப் பிரியுங்கள், குகைக்குள் எதிரொலியில் பின்வரிசைக்காரர்களுக்கு ஒரு வார்த்தையும் புரியாது. அவர் இந்தியிலோ மராத்தியிலோதான் சொல்வார். பாட்டிகளுக்கு அவ்வப்போது தமிழில் எடுத்துச் சொல்ல ஒரு கல்லூரிப் பிள்ளையை நியமித்துவிடுங்கள். அவர் மறந்தாலும் நீங்கள் கேட்டுப் பார்க்க வேண்டியவை சில உண்டு. சைத்திய மண்டபத்தின் வளைந்த கூரையில் வரிசையாகத் தெரியும் விலா எலும்புகள் மரம், கல்லல்ல. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய மரம் அப்படியே நிற்கிறது. கோடியில் உள்ள ஸ்தூபிக்கு மேல் மரக்குடையும் இருக்கிறது. தூண்களிலும் சுவர்களிலும் யார் யார் கொடை கொடுத்தார்கள் என்று பிராமி எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். வைஜயந்தியைச் சேர்ந்த பூதபாலன் என்ற வணிகர், யவனர்கள் என்று ஒரு கலவையான கூட்டம். வைஜயந்தி என்பது கர்நாடகத்து பனவாசி என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். தெற்கிலிருந்து வந்து இந்தப் பக்கம் பணம் போட்டவர்களில் நாம் முதல் ஆட்கள் இல்லை என்று தெரிகிறது.

16. குகை வாசலிலேயே ஏக்வீரா தேவி கோயில். மும்பைக் கோலி மீனவர்களின் குலதெய்வம் அவள். சைத்ர நவராத்திரி ஜாத்திரை நாட்களில் படியில் கால் வைக்க இடமிருக்காது. அந்த நாட்களைத் தவிருங்கள், அல்லது கூட்டத்தைப் பார்க்கவென்றே போங்கள்.

17. பாஜா, கார்லாவைவிடப் பழையது, கி.மு. இரண்டாம் நூற்றாண்டு. கூட்டமும் குறைவு. இருபத்திரண்டு குகைகள். பதினான்கு ஸ்தூபிகள் ஒரே இடத்தில் கூடி நிற்பதைப் பார்க்கும்போது பேச்சு நின்றுபோகும். ஒரே ஒரு குகைக்குத்தான் நேரம் என்றால் நான் பாஜாவைத்தான் சொல்வேன். மாளவ்லி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். லோனாவாலா-புனே லோக்கலில் அடுத்த நிலையம் அது.

18. நடக்கக்கூடியவர்கள் பாஜாவிலிருந்து லோகட் கோட்டைக்குப் போகலாம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், லோகட் அதில் ஒன்று. பன்னிரண்டாவது எது தெரியுமா? நம் செஞ்சி. 1677-இல் சிவாஜி பிடித்த கோட்டை, பின்னால் ராஜாராம் முகலாயருக்கு எதிராக ஆண்டுக்கணக்கில் தாக்குப்பிடித்ததும் அங்கேதான். பள்ளிக்கூடப் பிராஜெக்டுக்கு இதைவிட நல்ல விஷயம் மும்பைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கிடைக்காது.

19. பலூன் ஏறாதவர்களை அறையில் போர்த்திப் படுக்க வைத்துவிட்டுப் போகாதீர்கள். பலூன் எங்கே இறங்கும் என்று முன்கூட்டித் தெரியாததால், கீழே ஒரு ஜீப் அதைத் துரத்திக்கொண்டே போகும். அதில் இடம் உண்டா என்று கேளுங்கள். வயல் வரப்பிலும் கிராமத் தெருவிலும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஓடும் அந்தச் சவாரி, மேலே போனவர்களின் சவாரிக்குக் குறைந்ததல்ல. இடம் இல்லையென்றால் காற்று நிரப்புவதைப் பார்க்கவாவது கூட்டிப் போங்கள். படுத்துக் கிடக்கும் துணி, விசிறிக் காற்றில் உப்பி, பர்னர் பற்றியதும் எழுந்து நிற்கும் அந்தக் கால் மணி நேரத்துக்குத் தனிக் கட்டணம் இல்லை.

20. கூடைக்குள். பைலட்டால் பலூனை ஏற்றவும் இறக்கவும் மட்டுமே முடியும். இடம் வலம் திருப்ப முடியாது. ஒவ்வோர் உயரத்திலும் காற்று வெவ்வேறு பக்கம் வீசும், அதைத் தேடி ஏறி இறங்குவதுதான் அவர் வித்தை. காற்றோடு சேர்ந்தே போவதால் முகத்தில் காற்றே அடிக்காது. போனுக்கு மணிக்கட்டில் மாட்டும் பட்டை வேண்டும். "இறங்கப் போகிறோம்" என்று பைலட் சொன்னதும் போனை உள்ளே வைத்து, முழங்காலை மடக்கி, கயிற்றுப் பிடியைப் பிடியுங்கள். எது நடந்தாலும் அவர் சொல்லாமல் வெளியே குதிக்காதீர்கள். ஓர் ஆள் எடை குறைந்தாலே பலூன் மற்றவர்களோடு மறுபடி மேலே எழும்பிவிடும். 2013 பிப்ரவரியில் எகிப்தின் லக்சரில், தரையிறங்கும் நேரத்தில் தீப்பிடித்து, பைலட் வெளியேறியபின் மேலே போய்விட்ட பலூனில் 19 பேர் இறந்தார்கள். அப்படிப்பட்ட விபத்து அரிது. விதி மட்டும் எல்லாக் கூடைக்கும் ஒன்றுதான்.

21. இறங்கும் இடம் யாராவது ஒரு விவசாயியின் நிலமாகத்தான் இருக்கும். பயிரை மிதிக்காமல் வரப்போடு வெளியே வாருங்கள். வேடிக்கை பார்க்க வரும் குழந்தைகளுக்கென்று ஒரு பிஸ்கட் பொட்டலம் ஜீப்பில் இருந்தால் நல்லது.

22. "இதற்கு இவ்வளவு தூரம் போக வேண்டுமா, சிவாஜி பார்க்கிலிருந்தே விடலாமே" என்று ஒரு மாமா கேட்பார். விமான நிலையத்தை ஒட்டிய வானத்தில் சுற்றுலா பலூன் நடக்காது. மும்பையிலிருந்து எழும்பிய பலூன் ஒன்று உலக சாதனையே படைத்திருக்கிறது என்பதும் உண்மைதான். 2005 நவம்பர் 26 அன்று விஜய்பத் சிங்கானியா தம் 67 வயதில் 21,027 மீட்டர் உயரம் போனார். பயணிகள் விமானம் பறப்பதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அழுத்தம் காத்த அறைக்குள் உட்கார்ந்துதான் போனார். வயதைக் காரணம் காட்டிப் பின்வாங்கும் மாமாக்களிடம் முதல் பகுதியை மட்டும் சொல்லுங்கள்.

23. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் அங்கேயே பார்க்கலாம். பொள்ளாச்சியில் 2015 முதல் ஜனவரியில் சர்வதேச பலூன் திருவிழா நடக்கிறது, சென்னைப் பக்கமும் மதுரையும் 2025-இல் சேர்ந்தன. யானை, தவளை வடிவங்களில்கூட பலூன்கள் வருவதால் சிறு குழந்தைகளுக்கு லோனாவாலாவைவிட அதுதான் கொண்டாட்டம். பொள்ளாச்சியில் கிளம்பியது காற்றின் போக்கில் எல்லை தாண்டிப் பாலக்காட்டு வயலில் போய் இறங்கியதும் உண்டு. பறப்பது பெரும்பாலும் அதிகாலையில், எட்டு மணிக்குப் போனால் மைதானம்தான் இருக்கும்.

24. திரும்பும்போது சிக்கி, அதாவது இந்தப் பக்கத்துக் கடலைமிட்டாய். லோனாவாலாவில் வாங்காமல் வந்தால் கட்டிடத்தில் நுழைய முடியாது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தாயிற்று, என் வாக்கும் அதற்கே. இருந்தாலும் இங்கே எள்ளு, முந்திரி, ராஜ்கிரா என்று வகை அதிகம். ஸ்டேஷன் வாசல் கடையில் அவசரமாக வாங்காமல், தேதி பார்த்து, முதல் நாளே வாங்கிவிடுங்கள். ஞாயிறு மாலை ரயிலில் பை வைக்க இடமிருக்காது. வீட்டில் எவர்சில்வர் டப்பாவில், அடியில் காகிதம் போட்டு, அடுக்குக்கு நடுவிலும் காகிதம் வைத்து இறுக்க மூடினால் மும்பை ஈரத்திலும் பிசுபிசுக்காமல் இருக்கும். பிரிட்ஜில் வைத்தால் வெளியே எடுத்ததும் வியர்த்துப் பசையாகிவிடும்.